வள்ளப் பலகையில் ஒரு குசினி அலுமாரி

20.09.1998, ஞாயிறு

பூசை முடிந்து என் அடுப்படிக் குசினிக்குள் கூடியவர்கள்: கோயில் சுவாமி, மாமா பஸ்தியாம்பிள்ளை, இவர், இவரின் தங்கை றஞ்சனி, நான். ஐந்து பேருக்கு இடம் போதாது. சுவாமி வாசற்படியிலேயே நின்றார்.

கன்னியர் மடம் இடம்பெயர்ந்த பிறகு, பூசையில் சனத்துக்குக் கொடுக்கும் ஓஸ்தி அப்பம் அங்கிருந்து வருவதில்லை. யேசு பாலன் பிறக்கும் நத்தார்ப் பூசைக்கு என்னையே சுடச் சொல்லி, ஓஸ்தி சுடும் இரும்பையும் ஒரு சாக்குக் கோதுமை மாவையும் சுவாமி தந்தார்.

"இது முடிஞ்சா அடுத்த மா எப்ப வருமெண்டு எனக்கே தெரியாது, அற்புதம். மாரி வருது. ஈரம் படாமல் வைச்சிருங்கோ."

என்னிடம் இருப்பது ஒரு தகர றங்குப்பெட்டி. உப்புக் காற்றில் அதன் அடி துருப்பிடித்துக் கொட்டிவிட்டது.

"மச்சாள், என்னட்டைத் துவக்கு ரவைப் பெட்டி ஒண்டு கிடக்கு," என்றாள் றஞ்சனி. "மூடியிலை றப்பர் இருக்கு. கிணத்துக்குள்ளை போட்டாலும் ஒரு சொட்டுப் போகாது."

"சீ! குண்டு வந்த பெட்டிக்குள்ளை ஆண்டவருக்குரிய மாவோ?" என்றேன்.

சுவாமி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

26.09.1998

மாவை வைக்க ஒரு அலுமாரி அடிப்பதென்று முடிவு. எதில் அடிப்பது? விசாரித்த அளவில்:

பிளைவுட் — யோகலிங்கம் மாஸ்டர் வீட்டில் பார்த்தேன். ஒரு மாரியிலேயே பாண் மாதிரி ஊதிப்போய், கதவு பூட்டுப்படவில்லை. முதிரை நல்லதுதான், ஆனால் பச்சை மரத்தை வெட்டவேண்டும், அதற்கு அனுமதியும் வேண்டும். வேம்பைக் கறையான் தொடாது. நெடுங்கேணிப் பக்கம் இருக்கிறது, சண்டையால் நெடுங்கேணிக்குத்தான் போக முடியாது. பனை? ஊரிலுள்ள பனங்குற்றி எல்லாம் குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்கு மேலே கிடக்கிறது.

செபமாலை சொல்லும்போதும் பலகைதான் மனதில். மாதா மன்னிக்க வேண்டும்.

04.10.1998, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! கரையில் கவிழ்த்துக் கிடக்கும் மாமாவின் பழைய வள்ளம். இத்தனை வருடம் கடலுக்குள் கிடந்தும் உக்காத பலகை. ஒரு மரமும் வெட்டத் தேவையில்லை.

மாமா வள்ளத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "கடலே ஒண்டும் செய்யேல்லை. உன்ரை குசினி என்ன செய்யப்போகுது? எடு பிள்ளை," என்றார்.

இவர்தான், "அலுமாரிக்கு எஞ்சினும் பூட்டட்டோ?" என்று கேட்டார். கேட்கட்டும்.

18.10.1998, ஞாயிறு

அலுமாரி முடிந்தது. ஆணியெல்லாம் வள்ளத்தில் கழற்றி நிமிர்த்தியது. கணக்கில் 'செலவு இல்லை' என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

சுவாமி பிரசங்கத்தில் சொன்னார்: ஒரு மரத்தையும் வெட்டாமல் நோவாவின் பேழை போல் ஒன்று நம் ஊரிலும் இருக்கிறதாம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். பெருமை பாவம். ஆனாலும் முக்காட்டுக்குள் சிரித்தேன்.

24.10.1998

மழை தொடங்கிவிட்டது. பெய்யட்டும்.

02.11.1998, மரித்த ஆத்துமாக்கள் திருநாள்

சீனிப் போத்தலின் அடியில் ஈரம். மூடி சரியாக இறுகவில்லைப் போலும்.

05.11.1998

மூடி இல்லை. கூரை! இவர் வேய்ந்த கிடுகுதான் ஒழுகுகிறது என்று சொன்னேன். மழைக்குள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "மேலை ஒரு ஓட்டையும் இல்லை. உன்ரை பேழைதான் அழுகுது," என்றார்.

09.11.1998

சாக்கைத் தொட்டால் ஈரம். அடிமா கட்டி கட்டியாய். முகர்ந்தால் சுறா எண்ணெய் மணம் — வள்ளத்துக்குப் பூசின எண்ணெய். ஐயோ மாதாவே, நத்தாருக்கு என்ன செய்யப் போறன்? சனத்துக்குச் சுறா மணக்கிற ஓஸ்தியோ குடுக்கிறது?

கையைப் பலகையில் வைத்தேன். வேர்த்திருந்தது. மழை படாத உட்பக்கமும்கூட.

அப்போதுதான் விளங்கியது. உப்பு! வருடக்கணக்காய்ப் பலகை குடித்த உப்பு. மாரியில் கருவாட்டுச் சாக்கு வேர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு தும்பு கருவாட்டை மாச் சாக்குக்குப் பக்கத்தில் வைப்பேனா? மாட்டேன். கருவாட்டாலேயே வீடு கட்டி அதற்குள் மாவை வைத்தேன்.

மாமாவிடம் சொன்னால், "வள்ளத்திலை மீன்தான் ஏத்தினனான் பிள்ளை, சீனி ஏத்தேல்லையே," என்கிறார்.

10.11.1998

றஞ்சனி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று காலநிலையைப் பற்றிக் கதைத்தேன். அவள் உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"என்ன மச்சாள், ஆண்டவர் சம்மதிச்சிட்டாரோ?"

"அவருக்கு வேறை இடமில்லை."

கட்டி பிடித்ததை எறிந்து, மணம் பிடிக்காத மேல்மாவை மட்டும் வறுக்காமல் வெயில் காட்டி — வெயில் வந்த மட்டில் — பெட்டிக்குள் அடைத்தேன். சாக்கில் பாதிகூட மிஞ்சவில்லை. நத்தாருக்குப் போதும்.

29.11.1998, ஞாயிறு

பெட்டியைத் திறந்தேன். மா பஞ்சு மாதிரி. சந்தோசப்படுவதா வெட்கப்படுவதா தெரியவில்லை.

20.12.1998, ஞாயிறு

ஓஸ்தி சுட்டு முடித்தேன். வெள்ளை வெளேரென்று வந்திருக்கிறது. ஒன்றை முறித்துப் பார்த்தேன், மொறுமொறுப்பு, மணம் இல்லை. எல்லாவற்றையும் அதே பெட்டிக்குள் அடுக்கினேன். அலுமாரியில் இப்போது கருவாடு இருக்கிறது. இரண்டுக்கும் நல்ல ஒற்றுமை.

ஒரு சிக்கல்தான் மிச்சம். பெட்டியின் பக்கத்தில் என்ன ரவை, எத்தனை என்று வெள்ளை எழுத்தில் போட்டிருக்கிறது. இதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போக வேண்டும். சுரண்டுவோம் என்று கத்தியை எடுத்தேன். றஞ்சனி கையைப் பிடித்துவிட்டாள்: "பெயின்ற் போனால் துருப்பிடிக்கும். துருப்பிடிச்சால் ஈரம் உள்ளுக்குப் போகும். பிறகு என்னைக் கேளாதேங்கோ!"

துணியால் மூடலாம். சனத்துக்குத் தெரியாது. மாதாவே, உமக்குத் தெரியும்.

சுரண்டட்டோ விடட்டோ? சுவாமியைக் கேட்டால் பிரசங்கத்தில் சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை நத்தார். கெதியாய் ஒரு மறுமொழி தாரும்.