அம்புக்குறி இல்லாத கல்

அன்புள்ள குட்டிக்கு,

நான் எழுதிக் கேட்ட கல் வந்து சேர்ந்தது. காலையிலிருந்து ஆய்வகத்தில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எரிமலைக் குழம்பு இறுகும்போது, காந்த ஊசி போல, அன்றைய வடக்கைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலுக்கு அப்பால் உன் கரைக் கல்லையும் இங்கே என் கரைக் கல்லையும் ஒப்பிட்டால், இரு கண்டங்களும் ஒரு காலத்தில் எப்படி ஒட்டியிருந்தன என்று சொல்லிவிடலாம். ஆனால் பெயர்ப்பதற்கு முன்பே கல்லின்மேல் வடக்கு நோக்கி அம்புக்குறி போட்டிருக்க வேண்டும். இதில் இல்லை; கல் எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்று இனிச் சொல்ல முடியாது.

"கதவுக்கு முட்டுக் குடுக்கத்தான் ஆகும் மேடம்," என்று சிரித்தார் பக்கத்து மேசைக்காரர். "வேணும்னா நானே போய் வேற எடுத்துட்டு வரேன்."

"நீங்க உங்க வேலையப் பாருங்க சார்."

எழுந்து ஜன்னலைத் திறந்தேன். மறுபடி மூடினேன்.

ஏழு வயதில் என்னோடு மலைக்கு வந்தபோது, "அம்மா, அம்பு போடல!" என்று என் சுத்தியலைப் பிடித்து நிறுத்தியவள் நீ. உன் கல்யாணத்தோடு நின்றது நம் பேச்சு. இப்போதும் கல்லை மட்டும்தான் அனுப்பியிருக்கிறாய், ஒரு வரிகூட எழுதாமல்.

நீ மறந்திருக்க மாட்டாய்.

வேறு கல் எடுக்க யாராவது வந்துதான் ஆக வேண்டும். திசைகாட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டேன். மாப்பிள்ளையிடமும் கேட்டுச் சொல்.

நான் வரட்டுமா?

அம்மா