‘சிகரம்’ என்று எழுதியவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். தாத்ரா மலையில் இந்த வருடம் பனி சீக்கிரமே விழுந்துவிட்டது. விடுதியில் வேலைக்குக் குறைவில்லை.

சென்ற வாரம் இங்கே ஒன்று நடந்தது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆண்டுதோறும் விடுமுறைக்கு இங்கே வந்து தங்கும் தபால் ஊழியர் லூபோமிர், பச்சைக் குறியிட்ட பாதையில் ஏரி வரை போய்த் திரும்புவார். சிகரத்துக்குச் சிவப்புக் குறிப் பாதை. கிளம்புகிறவர்கள் போகுமிடத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவர் பேனாவை எடுத்ததும் விடுதிக்காரர் ஒந்த்ரெய், “என்ன லூபோ, இந்த வருஷமும் மீனுக்கு ரொட்டி போடத்தானா?” என்றார்.

நானும் விடவில்லை. “ஏரியைச் சுத்தி வழி தவறிடாதீங்க சார்!”

சாப்பாட்டறையே சிரித்தது. அவர் ‘சிகரம்’ என்று எழுதிவிட்டுப் போனார்.

மாலையில் திரும்பவில்லை. மீட்புக் குழு இரண்டு நாள் சிகரப் பாதையில் தேடியது. மூன்றாம் நாள் ஏரிக்கரையில், கால் முறிந்து விறைத்துக் கிடந்தார். இங்கிருந்து அரை மணி நடை. இரண்டாம் நாள் வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

பையை வாங்க வந்த அவர் மனைவி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “உயரம்னாலே அவருக்குத் தலை சுத்துமே. எதுக்கு இப்படி எழுதினாரு?” என்று கேட்டாள்.

“தெரியலைங்க” என்று சொல்லி, சூப் ஊற்றிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நீயே கொண்டுவந்தாலும் சரி, என் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். வந்தால் அவரைப் பற்றி யாரிடமும் கேட்காதே. அடுப்பில் பால் பொங்குகிறது, முடிக்கிறேன்.

உன் மகள்,
யோலானா