மனுவில் இல்லாத வரி

மாசி, செவ்வாய்க்கிழமை.

ரைஸ் மில்லில் உமிக்குப் பதில் நிலக்கரி எரிக்கத் தொடங்கியதிலிருந்து தெருவெல்லாம் கரி. அதை நிறுத்தச் சொல்லி எழுதிய மனுவைப் பக்கத்து வீட்டு வள்ளி அக்கா என் கையெழுத்துக்காகக் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அங்கேதான் பாய்லர் ஓட்டுகிறார். நிலக்கரி பாய்லர் வந்த பிறகுதான் வேலை நிரந்தரமானது. பாப்பாவுக்கு மூச்சிழுப்பு வந்ததும் அதற்குப் பிறகுதான்.

நான் ஒளித்து வைத்த மனுவை அவரே எடுத்துப் படித்தார். கத்துவார் என்று பயந்தேன்.

"சாம்பல ஏரியில கொட்றோமே, அத இன்னாத்துக்கு உட்டுட்டாங்க? எழுதச் சொல்லு."

"நீங்களே எழுதுங்களேன்."

அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

முதலாளியை விட்டால், ஏரியில் கொட்டுவது அவருக்கும் லாரி டிரைவருக்கும் மட்டுமே தெரியும். மனுவில் எழுதினால், சொன்னது யாரென்று முதலாளிக்குப் புரிந்துவிடும். காலையில் அக்கா செஞ்சி தாலுக்கா ஆபீசுக்குக் கிளம்புகிறார்.

அந்த வரியை இந்த நோட்டில்தான் எழுத முடிந்தது.