நீலக் குழாய்

சுபிஷா,

இங்கே குவைத்தில், மங்காஃபில் குளிர் வந்துவிட்டது. ஊரில் பிள்ளையின் காலில் தழும்பு மங்குகிறதா?

குளியலறை ஹீட்டரைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். கோடையில் மொட்டைமாடித் தொட்டி வெயிலில் கொதிப்பதால் நீலக் குழாயில்தான் சுடுதண்ணீர் வரும். ஹீட்டரை அணைத்துவைத்தால், அதன் தொட்டிக்குள் வீட்டு ஏசியில் ஆறிக் கிடக்கும் தண்ணீர் சிவப்புக் குழாயில் வரும். பிள்ளையைக் குளிப்பாட்ட அதைத்தான் திறக்க வேண்டும். நீ வந்திறங்கிய அன்றே சொல்லியிருக்கலாம், டியூட்டிக்கு ஓடிவிட்டேன்.

பிள்ளையின் கால் வெந்த அன்று ஆஸ்பத்திரியில் நீ, "நீலம்னா பச்சத்தண்ணி தானே?" என்று அழுதாய். "இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றேன், வந்து மூன்றே நாள் ஆனவளிடம்.

இப்போது பக்கத்து வீடுகளில் எல்லாரும் ஹீட்டர் போட்டுவிட்டார்கள். என் கை அந்த சுவிட்சு வரை போய்ப் போய்த் திரும்புகிறது. தினமும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன்.

அந்த சுவிட்சை நீ திரும்பி வந்து போடு.

பிள்ளையின் அப்பா