உதறியது ஸ்டேரிங்தான், மச்சான்

முத்திருளு மச்சானுக்கு, உங்கள் மாப்பிள்ளை சண்முகவேல் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் பிக்கப்புக்குப் போன வாரம் ஸ்டேரிங் ஸ்டெபிலைசர் மாற்றினேன். ஒன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு. முன் அச்சுக்கும் சக்கரங்களைத் திருப்புகிற குறுக்குக் கம்பிக்கும் நடுவே குட்டி ஷாக் அப்சார்பர் போலப் படுத்துக் கிடக்குமே, அதுதான். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நான்கு பேர் படிக்கிற இடத்தில் போடப்போகிறேன், அவர்களுக்காகச் சொன்னேன். ஏன் அவர்கள் படிக்க வேண்டும் என்பது போகப்போகத் தெரியும்.

அவர்களுக்காகவே உங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் என் மனைவி பேச்சியின் அண்ணன். நல்ல டிரைவர். நல்ல குடிகாரராகவும் இருந்தீர்கள். காலையில் ஒரு வாய் உள்ளே போனால்தான் உங்கள் கை நடுக்கம் நிற்கும், அதற்கப்புறம்தான் சாவியைத் தொடுவீர்கள். பிறகு ஒரு நாள் குலசாமி கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்து, "இனிமே இல்ல தாயி" என்று பேச்சியிடம் சொன்னீர்கள். அதை நம்பித்தான் அந்த நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப்பை ஏலத்தில் எடுத்து உங்கள் கையில் கொடுத்தேன்.

பரளச்சிப் பக்கம் காடுகளில் சீமைக்கருவேலத்தை வெட்டி, மண்ணால் மூடி எரித்துக் கரி மூட்டம் போடுகிறவர்களிடம் கரி ஏற்றி, பந்தல்குடிக்குக் கொண்டுவந்து வியாபாரியிடம் சேர்ப்பதுதான் நம் தொழில். நான் முன்னால் பைக்கில் போய் லோடு பேசுவேன். நீங்கள் பின்னால் ஓட்டி வருவீர்கள். கரிசல் காட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் டயரில் அப்பிக்கொண்டு விடாது. காய்ந்தால் பழைய தடமெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாகக் கெட்டிப்பட்டு நிற்கும். ஒரு ஐப்பசியில் இரண்டு தடவை வண்டி புதைந்து டிராக்டர் வைத்து இழுத்த எரிச்சலில், கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு, சேற்றைப் பிடிக்கக் கட்டை கட்டையாக மேடு வைத்த அகலமான பட்டன் டயர் நாலையும் மாட்டியது நான். யோசனையும் என்னுடையது, அவசரமும் என்னுடையது.

மாட்டிய அன்றைக்கே நீங்கள் சொன்னீர்கள். "டயரு பெருசாப் போச்சு மாப்ள. ஸ்டேரிங்குக்கு அண்டக்குடுக்க நல்லதா ஒண்ணு போடணும். இதுல இருக்கது தாங்காது."

நான் சிரித்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஓட்டுங்க மச்சான்" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். மாமன் மச்சான் பேச்சில் அது சகஜம்தான். ஆனால் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு மாதம் இருக்கும். பரளச்சியிலிருந்து லோடோடு வந்து இறங்கியதும் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டே, "உதறுது மாப்ள" என்றீர்கள். இரண்டே வார்த்தை. எது உதறுகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் கண் உங்கள் கையில் இருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பாழாய்ப்போன பேச்சில் எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசியே பழகிவிட்டோம். "வலிக்குது" என்றால் எங்கே என்று கேட்போம், "வருது" என்றால் எந்த பஸ் என்று கேட்போம். அன்றைக்கு மட்டும் கேட்காமலேயே எனக்குப் பதில் தெரிந்திருந்தது. குடிகாரனின் கைதான் உதறும், வேறெது உதறும்?

அடுத்த வாரம் பந்தல்குடி டீக்கடையில் வைத்துத்தான் அது நடந்தது. லோடு இறக்கிவிட்டு வந்து டீயை வாங்கினீர்கள். கிளாஸ் தடதடவென்று ஆடியது. பாதி டீ உங்கள் வெள்ளைச் சட்டையில். கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். கரி வியாபாரி என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்: "ஒங்க மச்சான் பழையபடி ஆரம்பிச்சுட்டாக போல. அவுகதான் ஓட்டுவாகன்னா எம் மூடைய ஏத்தாதீக."

வீட்டுக்கு வந்து உங்களிடம் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதும் பொய். சொன்னேன். "மச்சான், கை உதறுது. கொஞ்ச நாளைக்கு வண்டி வேண்டாம்."

"உதறுதுன்னு நாந்தான மாப்ள ஒங்கிட்டச் சொன்னேன்" என்றீர்கள்.

நீங்கள் வண்டியைச் சொன்னீர்கள். நான் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. "வாய ஊதிக் காட்டவா?" என்று கேட்டீர்கள். மச்சான், அங்கேதான் நான் பெரிய மனுசத்தனம் காட்டினேன். பெண் கொடுத்த வீட்டு ஆளை, வயதில் மூத்தவரை, என் முன்னால் வாயை ஊதச் சொல்வதா? "சே, வேண்டாம் மச்சான், அசிங்கமா இருக்கு" என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். மரியாதை கொடுத்ததாக நினைத்தேன். ஒரு நிமிடம் மரியாதை இல்லாமல் நடந்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். நீங்கள் சாவியை என் கையில் தராமல் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போனீர்கள்.

ஏன் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை? "வண்டிதாண்டா உதறுது, நீயே ஓட்டிப் பாரு" என்று கத்தியிருக்கலாமே? பலமுறை யோசித்துவிட்டேன். பத்து வருடம் பொய் சொன்னவன் உண்மை சொன்னால் எவன் நம்புவான் என்று விட்டுவிட்டீர்களா? அல்லது மூன்று வருடம் குடிக்காமல் இருந்ததை நான் ஒரு டீ கிளாஸில் அளந்துவிட்டேன் என்று மனது விட்டுப்போனதா?

நீங்கள் அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனீர்கள். நானும் கரியை விட்டுவிட்டுத் தறிகளுக்கு நூல் பண்டல் ஏற்றினேன். தார்ச்சாலையில் பட்டன் டயர் தேயும் என்று பழைய டயரையே மாட்டினேன். வண்டி ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லாமல் ஓடியது. "பாத்தியா, வண்டியில ஒரு கோளாறும் இல்ல" என்று பேச்சியிடம் நான் சொன்னதும், அவள் தலையைக் குனிந்துகொண்டதும் நினைவிருக்கிறது. அதோடு அவள் உங்களிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எட்டு மாதம் கழித்து நெஞ்சுவலி என்று குடோனிலிருந்து ஆள் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். "குடிச்ச ஒடம்பு, தாங்கல" என்று இழவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

இனி நடந்தது இந்த வருடத்துக் கதை. நூல் லோடு குறைந்துபோனதால் மறுபடியும் கரிக்குப் போனேன். பரணில் கிடந்த பட்டன் டயரை எடுத்து மாட்டினேன். இந்தத் தடவை நானே டிரைவர். பரளச்சிக் காட்டிலிருந்து முழு லோடோடு கிளம்பி, நாற்பதுக்கு மேல் வேகம் போனபோது முன் டயர் ஒரு தடத்தில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். ஸ்டேரிங் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி உதறத் தொடங்கியது. இறுக்கிப் பிடித்தால் தோள்வரை ஆடுகிறது, விட்டால் வேலிக்குள் போகும். வேகத்தைக் குறைத்தால் உதறல் நிற்கிறது, திரும்ப எடுத்தால் அடுத்த பள்ளத்தில் திரும்ப வருகிறது. பந்தல்குடி வருவதற்குள் உள்ளங்கை மரத்துவிட்டது.

டீக்கடைக்குப் போனேன். கிளாஸை வாங்கினேன். என் கையில் அது தடதடவென்று ஆடியது, மச்சான். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

கடைக்கார அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, மச்சான் போன வழியிலயே போறீகளாக்கும்?"

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை நான். அது எனக்குத் தெரியும், என்னைச் சுற்றி இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. நீங்கள் இதே இடத்தில் எப்படி நின்றிருப்பீர்கள் என்று அப்போது விளங்கியது. அழுகை வந்தது. அதையும் அவர்கள் சரக்கு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

லோடை இறக்கிவிட்டு, அருப்புக்கோட்டையில் குருசாமி மெக்கானிக்கின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அடியில் படுத்தவர் ஐந்து நிமிடத்தில் அந்த ஸ்டெபிலைசரைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒரு முனையைத் தரையில் ஊன்றி ஒற்றை விரலால் அமுக்கினார். சத்தமில்லாமல் உள்ளே போனது. இழுத்தார், வந்தது. நல்லதாக இருந்தால் முழுப் பலத்தைப் போட்டாலும் மெல்ல மெல்லத்தான் அசையுமாம்.

"இது செத்துப்போச்சுண்ணே. எண்ணெய் பூராம் கசிஞ்சு வெறும் குழாயாக் கெடக்கு" என்றார்.

"எத்தன நாளா?"

துருவைச் சுரண்டிப் பார்த்தார். "ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும். பின்னால லோடு ஏறுனா முன்பக்கம் லேசாயிரும். அதுல இம்புட்டு அகல டயரு. இத வச்சுக்கிட்டு காட்டுல லோடு அடிச்ச ஆளு பெரிய ஆளுண்ணே. நானா இருந்தா எறங்கி ஓடியிருப்பேன்."

பெரிய ஆள் என்று உங்களைச் சொன்னார் மச்சான், உங்களைத் தெரியாமலேயே.

வேலையை ஒழுங்காகவே செய்தார். "ஸ்டெபிலைசரு மருந்து இல்லண்ணே, கோளாற மறைக்க அதப் போடக்கூடாது" என்று சொல்லி, முதலில் குறுக்குக் கம்பியின் தேய்ந்த முனைகளை மாற்றினார். சக்கரங்களைப் பேலன்ஸ் பார்த்தார். பிறகு மதுரையிலிருந்து கனமான ஸ்டெபிலைசர் இரண்டு வரவழைத்தார். கேஸ் அடைத்தது ஒன்று மட்டும் போட்டால் ஸ்டேரிங்கை ஒரு பக்கமாகத் தள்ளும் என்று, எதிரும் புதிருமாக இரண்டையும் பூட்டினார். ஸ்டேரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் வண்டியை இறக்கினார். அதே பரளச்சிப் பாதையில், அதே லோடோடு, அதே தடத்தில் வேண்டுமென்றே இறக்கினேன். ஒரு குலுக்கு, அதோடு நேராகிவிட்டது.

பழையதை வீட்டுக்கு எடுத்து வந்து பேச்சியின் முன்னால் வைத்தேன்.

"என்னது இது?"

"ஒங்கண்ணன் குடிச்ச சரக்கு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. அதை அமுக்கி, இழுத்து, அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "கருமாதிக்குப் பாட்டிலு வாங்கிட்டு வந்தது யாரு?"

நான்தான். இறந்தவருக்குப் பிடித்ததைப் படையலில் வைப்பது நம் வழக்கம். ஒருவருக்குச் சுருட்டு, ஒருவருக்கு வெற்றிலை. உங்கள் கருமாதிக்கு நான் குவார்ட்டர் பாட்டில் வாங்கி, மூடியைத் திருகி இலை ஓரத்தில் வைத்தேன். அன்றைக்கே பேச்சி தயங்கினாள். "அண்ணன்தான் விட்டுருச்சேங்க" என்றாள். "செத்த பெறகு என்ன, ஆசைதீரக் குடிச்சிட்டுப் போகட்டும்" என்றேன், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி. இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்று வருடம் வாயைக் கட்டி வைத்திருந்த மனுசனுக்கு, சாவுக்கு அப்புறமும் குடிகாரன் என்று முத்திரை குத்தினேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னைக்கு எத்தன பேரு கேட்டாகளோ அத்தன பேருகிட்டயும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பேச்சி எழுந்து போய்விட்டாள். நியாயம்தான். இந்தக் கடிதத்தை நான்கு பேர் படிக்க வேண்டும் என்று சொன்னதன் காரணமும் அதுதான்.

மன்னியுங்கள் என்று கேட்பதாக இல்லை. நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், அதுதான் உங்களிடம் எனக்குப் பயம்.

அடுத்த மாதம் உங்கள் தலைத்திவசம். கருமாதிக்கு வந்த ஒருவர் விடாமல் நானே வீடு வீடாகப் போய் அழைக்கிறேன். கரி வியாபாரியையும் அண்ணாச்சியையும்கூட. இலை போட்டதும் சூடம் கொளுத்தும் முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி, "எம் மச்சான் குடிக்கல, நாந்தான் பொய் சொன்னேன்" என்று சொல்வேன். அதைச் சொல்லி முடிக்காமல் அந்தச் சூடத்தை நான் பற்ற வைக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
வண்டியைச் சந்தேகப்படாமல் உங்களைச் சந்தேகப்பட்ட
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்,
சண்முகவேல்