சிற்றாற்றுக் கரையில் சைக்கிள் பாதை

26-6-1959, வெள்ளி

தென்காசிப் பூங்காவிலிருந்து சிற்றாற்றுக் கரை வழியே குற்றாலத்துக்கு நான் போட்ட சைக்கிள் பாதையை நாளை திறக்கிறார்கள். பள்ளிக்கூடப் பெண்கள்தான் முதலில் ஓட்டிப் போகிறார்கள்.

கரையை நான் அளந்தது சித்திரை வெயிலில். ஆறு வறண்டு கிடந்தது. கரை கெட்டி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இன்று காலை சாரலில் போனபோது, மடை பார்க்கும் அண்ணாச்சி இலஞ்சிப் பக்கத்து வளைவில் தன் கம்பை ஊன்றினார். அது முழங்கை ஆழம் இறங்கியது.

"அடியில ஆறு அரிச்சுப் போட்டிருக்கு, ஓவர்சியரய்யா. வெள்ளம் வந்தா இந்த எடம் நிக்காது."

ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன்.

"நீருதானவே கையெழுத்துப் போட்டீரு? கலெக்டர் வருதாரு. பேசாம இரும்."

பேசாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் என் மகள் வள்ளி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நாந்தாம்ப்பா மொதல்ல போவேன்" என்றாள். சரி என்றேன்.

மழை வலுத்துவிட்டது. அருவிக்கு மேலே இதைவிடப் பெய்யும். வள்ளி தூங்கியதும் அவள் சைக்கிள் டயர் இரண்டிலும் கோணி ஊசியை இறக்கினேன். மற்றப் பெண்களின் சைக்கிள்கள் அவரவர் வீட்டில் காற்று நிரம்பி நிற்கின்றன.