திமிங்கலக் கூடத்துக் காவல்காரன்

மார்ச் 3, ஞாயிறு
முதல் ஞாயிறு அருங்காட்சியக ஊழியர் குடும்பங்களுக்கு இலவசம். வழக்கம்போல் மூவரும் வந்தார்கள்: மனைவி, ஆறு வயது வாலு, பதினான்கு வயது பெரியவள். நான் காவல் நிற்கும் கூடத்தில் வாலு திமிங்கலத்தின் விலா எலும்புகளை எண்ணினான். பதினேழில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து. பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்து போனிலிருந்து தலை நிமிரவே இல்லை. கால் கடுக்க நிற்கும் அப்பனிடம் ஒரு வார்த்தை பேசினால் என்ன? வயசு அப்படி என்கிறாள் மனைவி. எனக்கும் ஒரு காலத்தில் வயசு இருந்தது.

மார்ச் 11
"அப்பா, பதினாலாம் தேதி எங்க ஸ்கூல்ல மியூசியம் கூட்டிட்டு வர்றாங்க. அன்னிக்கு லீவு போட்டுடுங்களேன்."
ஏன் என்று பெரியவளிடம் கேட்டேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 14
லீவு எழுதிக் கொடுத்தும் காலையில் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குப் பதிலாக நிற்கவேண்டிய பக்கத்துக் கூடத்துக்காரருக்குக் காய்ச்சலாம்.

நாற்பது பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் பெரியவள் முகம் செத்துப்போயிற்று. நானும் தெரியாதவன்போல நின்றேன். ஒரு பையன் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினான். "தொடாதீங்க தம்பி, தள்ளி நில்லுங்க" என்றேன். அவன் என்னை மாதிரியே விறைப்பாக நின்று, அதே குரலில் சொல்லிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்.

சிரிக்கட்டும். இத்தனை வருஷத்துல எத்தனையோ பேர் கிண்டல் பண்ணிருக்காங்க. ஆனா பெத்த பொண்ணு சிரிச்சா தாங்க மாட்டேங்குதே...

மார்ச் 15
பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். நான் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மார்ச் 18
அடித்தளக் கிடங்குக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். பார்வையாளர் காலடி படாத இடம்.
"அங்க கேட்டுப் போற ஆளை இப்பதான்யா பாக்குறேன்" என்றார் மேற்பார்வையாளர்.
மகளின் மானத்துக்காகப் போகிறேனாம், எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். வீம்பு. கண்ணில் படாமல் போய்த் தொலைகிறேன் என்கிற கோபம். வீட்டில் மூச்சுவிடவில்லை.

மார்ச் 25
கிடங்கில் முதல் நாள். ஜன்னல் இல்லை. இழுப்பறை இழுப்பறையாகப் பஞ்சடைத்த பறவைகள். யாரிடமும் "தொடாதீங்க" சொல்லாமல் பொழுது போயிற்று. இதற்குத்தானே ஆசைப்பட்டேன்?

ஏப்ரல் 7, ஞாயிறு
முதல் ஞாயிறு கூட்டம் தாங்கவில்லை, இந்த மாதம் வரவேண்டாம் என்று வீட்டில் புளுகியிருந்தேன். சாயங்காலம் கிளம்பும்போது, என் இடத்தில் இப்போது நிற்கும் பெண்மணி ஓடிவந்தார்.

"அண்ணே, உங்க பொண்ணு கூடப் படிக்கிற நாலு பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துச்சு. 'இங்கதான் எங்கப்பா நிப்பாரு, காட்டுறேன் வாங்க'ன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. நீங்க மாத்தல் கேட்டு கீழ போயிட்டீங்கன்னேன். 'அப்பாவே கேட்டாரா?'ன்னு ரெண்டு வாட்டி கேட்டுச்சுண்ணே."

அவர் மேலே சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்!

ஏப்ரல் 8
திரும்ப மாற்றிக்கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஆறு மாதம் கழித்துத்தான் முடியுமாம்.

வீட்டுக்கு வந்து பெரியவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வீம்பையும் சேர்த்து. "நான் சிரிச்சிருக்கக் கூடாதுப்பா" என்றாள்.

"கீழ எங்களை விடமாட்டாங்கல்ல?"
"விடமாட்டாங்கம்மா."
"அப்ப முதல் ஞாயிறு நாங்க வர்றப்ப, உங்க சாப்பாட்டு நேரம் எத்தனை மணிக்கு?"
ஒன்றரை என்றேன்.